எக்ஸ்எஃப்-85 காப்ளின்: கழட்டிவிட முடிந்தது, திரும்ப மாட்ட முடியவில்லை

போர்விமானத்தையே இன்னொரு விமானத்தின் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போய், எதிரி வந்ததும் வெளியே விட்டு, சண்டை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது. கேட்கவே விளையாட்டுப் பொம்மை விளம்பரம் மாதிரி இருக்கும் இந்த யோசனைக்கு அமெரிக்க விமானப்படை 1940-களின் கடைசியில் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவு செய்தது. காப்ளின் என்று பெயர் வைத்த இந்த விமானத்தை வைத்துக் கிண்டலடித்தவர்கள் நிறையப் பேர், முட்டைக்குச் சிறகு முளைத்த மாதிரி அதன் உருவமும் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அது மோசமான விமானம் இல்லை, நன்றாகவே பறந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அது எங்கே என்று பார்ப்பதற்காகத்தான் இந்த எழுத்து. சம்பந்தப்பட்ட ஆட்களின் பெயர் இங்கே தேவைப்படவில்லை, விட்டுவிட்டேன்.

பின்னணி

1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்துத் தொழிற்சாலைகளைத் தாக்க 291 பி-17 குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. 60 திரும்பவில்லை. துணைக்குப் போன போர்விமானங்கள் எரிபொருள் போதாமல் பாதியிலேயே திரும்ப வேண்டியிருந்தது, அதற்குப் பிறகு ஜெர்மன் விமானங்களுக்கு வேட்டைதான். அடுத்த சில மாதங்களில் பி-51 மஸ்டாங் போர்விமானம், கூடுதல் டேங்க் மாட்டிக்கொண்டு, ஐரோப்பாவைப் பொறுத்தவரை இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது.

ஆனால் அப்போதே வரைபலகையில் இருந்த பி-36 குண்டுவீச்சு விமானம் வேறு ரகம். பிரிட்டன் விழுந்துவிட்டால் அமெரிக்க மண்ணிலிருந்தே கிளம்பிப் போய் ஐரோப்பாவில் குண்டு போட வேண்டும் என்று 1941-இல் கேட்கப்பட்ட விமானம் அது, இலக்கு 10,000 மைல், அதாவது 16,000 கிலோமீட்டர் வீச்சு. அவ்வளவு தூரம் கூடவே போகிற போர்விமானம் எது? பெட்ரோல் என்ஜினுக்கே முடியாத காரியம், எரிபொருளை மடக் மடக் என்று குடிக்கும் ஆரம்பகால ஜெட்டுக்கு நினைத்தும் பார்க்க முடியாது. துணை வர முடியாது என்றால் தூக்கிக்கொண்டு போவோம் என்று முடிவானது அப்படித்தான்.

யோசனை புதிதும் அல்ல. 1930-களில் அமெரிக்கக் கடற்படையின் ஏக்ரான், மேக்கன் என்ற இரண்டு ராட்சத வான்கப்பல்கள் ஸ்பாரோஹாக் என்ற சின்ன இரட்டைத்தட்டு விமானங்களை உள்ளே வைத்துக்கொண்டு பறந்தன, கொக்கியில் மாட்டுவதும் கழட்டுவதும் அங்கே அன்றாட வேலை. சோவியத்காரர்கள் டிபி-3 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கடியில் ஐ-16 விமானங்களைத் தொங்கவிட்டு, 1941 ஆகஸ்டில் ருமேனியாவின் செர்னவோடா பாலத்தை உண்மையான போரிலேயே தாக்கினார்கள். இந்த இரண்டையும் பார்த்து, அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று நினைப்பது சுலபம். ஆனால் அந்த வான்கப்பல்கள் போனது அதிகபட்சம் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில், கீழே வரும் விமானத்தைக் காற்று பெரிதாகப் புரட்டிப்போடாது. சோவியத் ஐ-16-களோ குண்டைப் போட்டபின் தாய்விமானத்துக்குத் திரும்பவே இல்லை, சொந்தமாகத் தரைக்குப் பறந்துபோய் இறங்கின. வேகமான குண்டுவீச்சு விமானத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும் பாகத்துக்கு இந்த இரண்டிலும் விடை இல்லை.

கேட்டதும் கொடுத்ததும்

1944 ஜனவரியில் ராணுவ வான்படை விமான நிறுவனங்களிடம் யோசனை கேட்டது. பதில் சொன்னது ஒரே ஒரு நிறுவனம், செயின்ட் லூயிஸ் நகரத்தின் மெக்டானல். மற்ற பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டதிலேயே ஒரு செய்தி இருந்திருக்கலாம், அல்லது போர்க்கால வேலையில் அவர்களுக்கு நேரம் இல்லாமலும் போயிருக்கலாம்.

மெக்டானல் முதலில் சொன்னது பாதி உள்ளே, பாதி வெளியே தொங்குகிற மாதிரி ஒரு விமானம். 1945 ஜனவரியில் அது திருப்பி அனுப்பப்பட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் காற்றை இழுக்கும், குண்டுவீச்சு விமானத்தின் வீச்சு குறையும், முழுதாக உள்ளே அடங்க வேண்டும் என்றார்கள். நியாயமான பதில்தான். அந்த ஒரே நிபந்தனை பின்னால் வந்த எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டது என்பதுதான் விஷயம்.

குண்டறைக்குள் முழுசாக அடங்க வேண்டும் என்றால் நீளம் நாலரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் அம்பாசிடர் காரைவிட ஒரு சாண் நீளம், அவ்வளவுதான். அதற்குள் ஒரு ஜெட் என்ஜின், அரை அங்குல பிரவுனிங் துப்பாக்கிகள் நான்கு, அழுத்தம் ஏற்றிய விமானி அறை, வெளியே வீசும் இருக்கை, எரிபொருள் எல்லாம் போக வேண்டும். என்ஜின்தான் உடம்பு, அதைச் சுற்றி மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது, விமானி கிட்டத்தட்ட என்ஜின் மேலேயே உட்கார்ந்திருந்தார். விமானியின் உயரத்துக்கும் வரம்பு வைத்தார்கள், 5 அடி 8 அங்குலம். விரித்தால் 6.4 மீட்டர் வரும் இறக்கைகள் மேல்நோக்கி மடங்கும். மொத்த எடை சுமார் இரண்டு டன். முழு வேகத்தில் ஓட்டினால் அரைமணி நேர எரிபொருள்.

உடம்பு குட்டையானதால் வால் பக்கம் வந்த தொல்லையைச் சொல்ல வேண்டும். வால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நெம்புகோல் பலம் அதற்கு. இங்கே தள்ளி வைக்க இடம் இல்லை, பெரிய வால் வைக்கலாம் என்றால் குண்டறைக் கதவு மூடாது. அதனால் ஒரே பெரிய செங்குத்து வாலுக்குப் பதிலாகச் சின்னச் சின்னதாக ஒரு கொத்து பலகைகளை மேலும் கீழும் சாய்வாகவும் வைத்தார்கள். பார்க்க அலங்கோலம், ஆனால் யாரும் ரசனைக் குறைவால் அப்படிச் செய்யவில்லை.

சக்கரமும் இல்லை. தரையில் இறங்கும் வேலையே இல்லாத விமானத்துக்குச் சக்கரம் எதற்கு? மூக்குக்கு மேலே, விமானியின் கண்ணுக்கு நேர் எதிரே, மடங்கி நிமிரும் ஒரு கொக்கி. எதாவது தப்பாகப் போனால் இருக்கட்டும் என்று வயிற்றில் ஒரு எஃகுச் சறுக்குக் கட்டையும், இறக்கை நுனிகளில் சின்ன ஓட்டுக் கட்டைகளும் வைத்தார்கள்.

1945 அக்டோபரில் இரண்டு மாதிரி விமானங்களுக்கு ஒப்பந்தம். திட்டம் பெரிதாகவே இருந்தது. இருபத்துநான்காவது பி-36 தொடங்கி ஒவ்வொன்றும் குண்டோடு ஒரு காப்ளினையும் சுமக்கும்படி இருக்க வேண்டும், பி-36-களில் பத்தில் ஒரு பங்கு குண்டே இல்லாமல் மூன்று நான்கு காப்ளின்களை மட்டும் சுமந்து போகலாம் என்றெல்லாம் பேச்சு இருந்தது.

பறப்பதற்கு முன்

முதல் மாதிரி, பறக்கவே பறக்காமல் ஒரு விபத்தில் சிக்கியது. கலிஃபோர்னியாவின் மொஃபெட் தளத்தில் காற்றுச் சுரங்கச் சோதனைக்காகக் கிரேனில் தூக்கும்போது ஏறத்தாழ 40 அடி உயரத்திலிருந்து தவறி விழுந்தது. மூக்கும் அடிப்பாகமும் நசுங்கின. ஆகவே மியூராக் பாலைவனத் தளத்துக்குப் பறக்கப் போனது இரண்டாவது மாதிரிதான்.

பி-36 இந்தச் சோதனைக்குக் கிடைக்கவில்லை, ஒரு பி-29 குண்டுவீச்சு விமானத்தை அறுத்து மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு 'மான்ஸ்ட்ரோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். காப்ளினை அதற்குள் ஏற்றுவதே ஒரு காட்சி. தரையில் ஒரு பள்ளம் தோண்டி, காப்ளினை அதில் இறக்கி, மேலே பி-29-ஐ இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, ஊஞ்சலைக் கீழே இறக்கிக் கொக்கியில் மாட்டித் தூக்குவார்கள். ஊஞ்சல் என்பது குண்டறையிலிருந்து கீழே நீளும் ஓர் இரும்புச் சட்டம், அதன் நுனியில் குறுக்கே ஒரு கம்பி. காப்ளினின் கொக்கி அந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டும், பிடித்ததும் ஒரு வளையம் இறங்கி வந்து மூக்கை ஆடாமல் அணைத்துக்கொள்ளும், அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து மேலே இழுத்துக்கொள்வார்கள்.

சோதனை விமானி மெக்டானல் நிறுவனத்துக்காரர், போரில் கடற்படைக்காகப் பறந்தவர், கையில் நல்ல பழக்கம் உள்ளவர். இந்த விமானத்தைப் பறந்தவர் கடைசிவரை அவர் ஒருவர்தான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1948 ஜூலை 23 முதல் கழட்டாமல், ஊஞ்சலில் மாட்டியபடியே பறந்து பார்த்தார்கள். பெரிய பிரச்சினை எதுவும் கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 23

20,000 அடியில் கழட்டிவிட்டார்கள். காப்ளின் சுத்தமாக விழுந்தது, நிமிர்ந்தது, பறந்தது. சுமார் பத்து நிமிடம் மணிக்கு 290 முதல் 400 கி.மீ. வரையிலான வேகத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, விமானி தாய்விமானத்துக்குத் திரும்பினார்.

அங்கேதான் யாரும் சரியாகக் கணக்குப் போடாத ஒன்று காத்திருந்தது. நாற்பது மீட்டருக்கு மேல் இறக்கை விரித்த ஒரு விமானத்துக்கு அடியில் காற்று சும்மா இருப்பதில்லை. திறந்து கிடக்கும் குண்டறை, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஊஞ்சல், நான்கு காற்றாடிகள் எல்லாமாகச் சேர்ந்து கலக்கிவிட்ட காற்று அது. அதோடு இரண்டு விமானங்கள் மேலும் கீழுமாக நெருங்கும்போது நடுவில் ஒரு காற்று மெத்தை மாதிரி உருவாகிறது. இரண்டு டன் விமானத்தை அது அலைக்கழிக்கிறது. கொக்கியைக் கம்பிக்கு நேராகக் கொண்டுவர விமானி என்ஜின் விசையையும் சமநிலையையும் விநாடிக்கு விநாடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆரம்பகால ஜெட் என்ஜினோ விசையைத் தள்ளினால் உடனே கேட்காது, யோசித்துவிட்டுத்தான் கேட்கும்.

மூன்று முறை முயன்றும் மாட்டவில்லை. அப்புறம் ஊஞ்சல் நேராக விமானி அறையின் கண்ணாடிக் கூண்டில் மோதியது. கூண்டு சிதறியது, விமானியின் தலைக்கவசமும் முகமூடியும் பிய்த்துக்கொண்டு போயின. முகத்தில் காற்று அறைய, மியூராக்கின் வறண்ட ஏரிப்படுகையைப் பார்த்து இறக்கி, அவசரத்துக்கென்று வைத்த அந்தச் சறுக்குக் கட்டையில் வயிற்றால் இறங்கினார். உயிருக்குச் சேதம் இல்லை.

சறுக்குக் கட்டையை எடை மிச்சம் என்று வடிவமைப்பிலேயே வெட்டியிருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். கீழே விரிந்து கிடந்த ஏரிப்படுகைக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையான, கெட்டியான மண், எங்கே இறங்கினாலும் ஓடுபாதை. இதே கதை எதிரி நாட்டுக்கு மேலே நடந்திருந்தால் விமானிக்கு இரண்டே வழி, குதிப்பது அல்லது மோதுவது.

அக்டோபர்

ஏழு வாரம் பறப்பு நிறுத்தப்பட்டது. சமநிலைக் கட்டுப்பாட்டின் பலத்தை 50 சதவீதம் கூட்டினார்கள், காற்றுப் போக்குக்காகவும் சில திருத்தங்கள் செய்தார்கள். இன்னும் இரண்டு முறை மாட்டியபடி பறந்து பார்த்துவிட்டு, அக்டோபர் 14 அன்று மறுபடி கழட்டினார்கள். இந்த முறை மாட்டிக்கொண்டது. அதற்கடுத்த இரண்டு பறப்புகளிலும் மாட்டிக்கொண்டது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 22, ஐந்தாவது பறப்பு. நான்கு முறை நெருங்கி நான்கு முறையும் விலகினார். அடுத்ததில் கம்பியில் மோதி மூக்கிலிருந்த கொக்கியே முறிந்தது. திரும்ப ஏரிப்படுகை, திரும்ப வயிறு.

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம். முதல் பறப்பின் தோல்விக்குக் காரணம் புதுசு, பழக்கமில்லை என்று சொல்லலாம். ஐந்தாவதுக்கு அப்படிச் சொல்ல முடியாது. திருத்தங்கள் செய்த பிறகு, அதே விமானி, மூன்று முறை வரிசையாக ஜெயித்த கையோடு, அதே ஊஞ்சலில் தோற்கிறார். அப்படியென்றால் மாட்டிக்கொண்ட மூன்றும் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்து நடந்தவை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காற்றில் இன்றைக்கு முடிந்தது நாளைக்கும் முடியும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியவில்லை.

1949

இறக்கை நுனிகளிலும் கூடுதல் செங்குத்துப் பலகைகள் வந்து சேர்ந்தன. மார்ச் 18 அன்று மறுபடி முயன்றபோது ஊஞ்சலின் மூக்கு வளையப் பகுதியில் மோதி அதைச் சேதப்படுத்தினார், மூன்றாவது முறையாக வயிற்றால் இறங்கினார். ஊஞ்சலைச் சரிசெய்து, பழுது பார்க்கப்பட்ட முதல் மாதிரியை ஏப்ரல் 8 அன்று எடுத்துக்கொண்டு போனார்கள். அரைமணி நேரம் அழகாகப் பறந்தது. மூன்று முறை நெருங்கிப் பார்த்தார், ஆகவில்லை, கைவிட்டுத் தரையிறங்கினார். அதுதான் கடைசி.

மொத்தம் ஏழு பறப்பு, 2 மணி 19 நிமிடம். மூன்று முறை கொக்கியில், நான்கு முறை ஏரிப்படுகையில். சக்கரமே வேண்டாம் என்று செய்த விமானம் பாதிக்கு மேல் தரையில்தான் இறங்கியிருக்கிறது. மணிக்கு 1,040 கி.மீ. வரை போகும் என்று எதிர்பார்த்தது, சோதனையில் 580-ஐத் தாண்டவில்லை, மாட்டும் பிரச்சினையிலேயே நேரம் போனதால் வேகத்தைச் சோதிக்கும் கட்டத்துக்கு அது வரவேயில்லை. பி-36-இலிருந்து ஒரு முறைகூடப் பறக்கவில்லை.

நிறுத்தும் முடிவு

ஊஞ்சலைத் தொலைநோக்கிக் குழாய் மாதிரி நீட்டி, கலங்கிய காற்றுக்குக் கீழே போய் மாட்டலாம் என்று மெக்டானல் ஒரு வழி சொன்னது. என் கணிப்பில் சரியான யோசனைதான், ஆனால் காலம் கடந்துவிட்டது. 1949 அக்டோபர் 24 அன்று விமானப்படை திட்டத்தை நிறுத்தியது.

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. பட்ஜெட் சுருங்கிக்கொண்டிருந்தது. மிகக் கைதேர்ந்த சோதனை விமானிக்கே பாதிக்கு மேல் தவறுகிற வேலையை, எதிரிநாட்டு வானில், சண்டை போட்டுக் களைத்து, எரிபொருள் தீரும் நேரத்தில் படைப்பிரிவிலிருக்கும் சராசரி விமானியிடம் எப்படிக் கேட்பது? அப்படியே மாட்டிக்கொண்டாலும், 1947 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த சோவியத் ஜெட் போர்விமானம் மிக்-15 மாதிரி ஒன்றோடு இந்தக் குட்டையான, அரைமணி நேர விமானம் மல்லுக்கு நிற்குமா என்பது தனிக் கேள்வி.

அதே 1949-இல், காப்ளினின் கடைசி இரண்டு பறப்புகளுக்குச் சற்று முன்னால், மார்ச் 2 அன்று ஒரு பி-50 விமானம் வானிலேயே நான்கு முறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு 94 மணி நேரத்தில் உலகத்தை நிற்காமல் சுற்றி வந்து டெக்சாஸில் இறங்கியிருந்தது. விமானத்தைத் தூக்கிப் போவதைவிட எரிபொருளைத் தூக்கிப் போவது லேசு என்பது அதற்குப் பிறகு விவாதத்துக்குரிய விஷயமாக இல்லை.

அதன் பிறகு

விமானப்படை யோசனையை முழுதாக விட்டுவிடவில்லை. 1952 ஜனவரியில், மாற்றியமைத்த பி-36-இன் ஊஞ்சலில் ஒரு எஃப்-84 ஜெட் போர்விமானம் வந்து மாட்டியது. இது சொந்தச் சக்கரமுள்ள, சாதாரணமாகத் தரையிலிருந்து எழும்பி இறங்குகிற, ஏற்கெனவே தயாரிப்பில் இருந்த விமானம். ஃபைகான் என்ற இந்தத் திட்டம் வேலை செய்தது, 1955-56 வாக்கில் வேவு பார்க்கும் விமானத்தைச் சுமக்கும் வடிவில் கொஞ்ச காலம் படையிலும் இருந்தது. இறக்கை நுனியோடு நுனி கோத்துப் பறக்கும் இன்னொரு வழியையும் சோதித்தார்கள். 1953 ஏப்ரல் 24 அன்று அதில் ஒரு எஃப்-84 புரண்டு பி-29-இன் இறக்கைமேல் விழுந்து, இரண்டிலும் இருந்த அனைவரும் இறந்தார்கள். அந்தச் சோதனை அத்தோடு நின்றது.

காப்ளின் இரண்டும் தப்பித்தன, ஒன்று ஒஹையோவின் டேட்டன் அருங்காட்சியகத்தில், மற்றது நெப்ராஸ்காவில்.

எதை மாற்றியிருக்க வேண்டும்

சோதனையின் வரிசையைத்தான் முதலில் மாற்றியிருப்பேன். இந்தத் திட்டத்தில் நிச்சயமில்லாத விஷயம் ஒன்றே ஒன்று, வேகமாகப் போகும் பெரிய விமானத்துக்கு அடியில் போய் மாட்ட முடியுமா என்பது. அதைக் கண்டுபிடிக்க ஒரு புது விமானமே தேவையில்லை. கையிலிருந்த ஏதாவது ஒரு சின்னப் போர்விமானத்தின் மூக்கில் கொக்கி மாட்டி, பி-29-க்கு அடியில் 1945-லேயே போய்ப் பார்த்திருக்கலாம். மாட்டவில்லையென்றால் சக்கரத்தை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஃபைகானில் பிற்பாடு செய்தது கிட்டத்தட்ட இதுதான். காப்ளினில் நாலரை வருடம் வடிவமைத்து, கட்டி, கீழே போட்டு உடைத்து, எல்லாம் முடித்துவிட்டு 1948 ஆகஸ்டில்தான் முதல் கேள்விக்குப் போனார்கள்.

மாட்டியபடி பறந்த சோதனைகளையும் அளவுக்கு மீறி நம்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கம்பி பிடித்திருக்கும்போது விமானம் ஆடவில்லை என்பதால், கம்பியை நோக்கி வரும்போது என்ன ஆகும் என்று தெரிந்துவிடாது. அந்தக் கடைசி சில மீட்டரில் காற்று எப்படி இருக்கிறது என்று கருவிகள் கட்டி அளந்திருந்தால், நீளும் ஊஞ்சல் யோசனை திட்டம் சாகும் நேரத்தில் வந்திருக்காது, முதல் வரைபடத்திலேயே இருந்திருக்கும்.

முழுசாக உள்ளே அடங்க வேண்டும் என்ற 1945-இன் நிபந்தனையை மட்டும் நான் அவ்வளவு சுலபமாகக் குறை சொல்ல மாட்டேன். வீச்சுதான் பி-36-இன் உயிர், அதைக் கெடுக்கும் எதையும் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பின்னால் வந்த ஃபைகானில் எஃப்-84 பாதி வெளியே தொங்கிக்கொண்டுதான் போனது, வீச்சு கொஞ்சம் அடிபட்டாலும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த விலை எவ்வளவு என்று 1945-இல் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டு, சக்கரமில்லாத குட்டை விமானத்தின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், மெக்டானலின் முதல் வரைபடம் திரும்பிப் போயிருக்காது என்பது என் எண்ணம்.